கிரவுண்டு என்ன விலை?

நம் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்கப் போகிறோமோ இல்லையோ, விலையை மட்டும் கேட்டு வைத்துக்கொள்வோம். புடவைக் கடையில் ஜரிகை மின்னும் பட்டுப் புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, முந்தானையைத் தடவிப் பார்த்து, "இதே மாதிரி வேறே கலரில் இருக்கிறதா?" என்றும் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு ரவிக்கைத் துணியோடு வீடு திரும்புவோம். அதில் உள்ள சந்தோஷமே தனி! அந்தத் தைரியத்தில்தான் இந்த வாரம் உங்களைச் சென்னைப் பட்டணத்தின் மிக விலை உயர்ந்த தெருக்களுக்கு அழைத்துப் போக உத்தேசித்திருக்கிறேன். பார்ப்பதற்குக் காசு கிடையாது. வாசல் காவல்காரர் மட்டும் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்!

முதலில் போட் கிளப் சாலை. அடையாற்றின் வடகரையில் இருக்கிறது. இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கை கோத்துக்கொண்டு தெருவுக்குப் பந்தல் போட்டிருக்கின்றன. அக்கினி நட்சத்திரத்தில்கூட இங்கே நடந்தால் தலை சுடாது. வீடுகளைப் பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். முதலில் மதில் தெரியும். மதிலுக்கு மேல் மரம் தெரியும். மரத்தின் இடுக்கில் மாடியின் ஒரு துண்டு தெரியும். அவ்வளவுதான். காலை வேளையில் மற்றத் தெருக்காரர்கள் காரில் வந்து இறங்கி, காரை ஓரமாக நிறுத்திவிட்டு, இந்தத் தெருவில் நடந்து போகிறார்கள். நடப்பதற்காகக் காரில் வருகிற தெரு என்றால் அதன் மகிமையைக் கேட்க வேண்டுமா?

இனி உங்கள் கண்ணால் பாருங்கள். அவசரத்துக்கு ஒரு முழம் மல்லிகைப் பூ வேண்டும். கிடைக்குமா? கிடைக்காது. ரசத்துக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி? இட்லி மாவு? பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜெராக்ஸ்? ஊஹூம்! நம்முடைய கணக்குப்படி எந்தத் தெருவில் எல்லாம் கிடைக்கிறதோ அதுதான் நல்ல தெரு. பட்டணத்துக் கணக்கோ நேர் தலைகீழ். எந்தத் தெருவில் ஒன்றுமே வாங்க முடியாதோ அதற்குத்தான் விலை ஜாஸ்தி!

இப்படி ஒரு விசித்திரம் எப்படி ஏற்பட்டது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும்.

போட் கிளப், போயஸ் தோட்டம், செனடாப் சாலை, கஸ்தூரி ரங்கன் சாலை என்று இன்று நாம் வாயைப் பிளந்து பார்க்கிற இடங்களெல்லாம் ஒரு காலத்தில் பட்டணமே அல்ல. ஊருக்கு வெளியே இருந்த தோப்பும் வயலும் வெட்டவெளியுந்தான். கும்பினிக்காரர்கள் முதலில் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யுத்த பயம் நீங்கி, கையில் பணமும் சேர்ந்ததும் கோட்டைக்குள் இருப்பு கொள்ளவில்லை. மவுண்ட் ரோடை ஒட்டியும், நுங்கம்பாக்கத்திலும், எழும்பூரிலும், அடையாற்றங்கரையிலும் பெரிய பெரிய தோட்டங்களை வளைத்து நடுவிலே ஒரு மாளிகை கட்டிக்கொண்டார்கள். அவைதாம் அந்தக் காலத்துத் தோட்ட வீடுகள்.

ஜார்ஜ் மவுப்ரே என்று ஒரு துரை இருந்தார். கும்பினி சர்க்காரின் கணக்கு உத்தியோகஸ்தர். கணக்குப் பார்ப்பவர்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது போலிருக்கிறது! அடையாற்றங்கரையில் நூறு ஏக்கருக்கு மேல் நிலம் பெற்று, உச்சியில் கும்மட்டம் வைத்த ஒரு மாளிகை கட்டினார். அவர் வீட்டுக்குப் போகிற சாலை மவுப்ரே சாலை ஆயிற்று. இன்று அதைத்தான் டி.டி.கே. சாலை என்கிறோம். அந்த மாளிகையில் 1890-ல் அடையாறு கிளப் வந்தது. இன்று மெட்ராஸ் கிளப் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் அந்தக் கிளப்புகளில் நம்மவர்களுக்கு அங்கத்தினராக இடம் கிடையாது. 1867-ல் தோன்றிய படகுக் கிளப்பும் பிற்பாடு இந்த ஆற்றங்கரைக்குத்தான் வந்து சேர்ந்தது. தெருவுக்குப் பெயர் கொடுத்தது அதுதான். செனடாப் சாலையின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். காரன்வாலிஸ் பிரபுவின் ஞாபகார்த்தமாக எழுப்பிய, உள்ளே உடல் இல்லாத வெற்றுச் சமாதி ஒன்று அந்தப் பக்கம் இருந்ததாம். வெற்றுச் சமாதியின் பெயரை வைத்துக்கொண்டு தெரு மட்டும் இத்தனை செல்வாக்கோடு வாழ்கிறது பாருங்கள்!

துரைமார்கள் போன பிறகு ராஜாக்களும் ஜமீன்தார்களும், அவர்களுக்குப் பிறகு வக்கீல்களும் பத்திரிகை அதிபர்களும் ஆலை முதலாளிகளும் சினிமாக்காரர்களும் இந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள். வர வர அளவுகோலும் மாறியது. இதை நான் வெகு நாளாகக் கவனித்து வருகிறேன். துரை காலத்தில் ஏக்கர் கணக்கில் பேசினார்கள். நம் தாத்தா காலத்தில் கிரவுண்டு கணக்கில் பேசினார்கள். சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஏக்கருக்குப் பதினெட்டுக் கிரவுண்டுக்குச் சற்று அதிகம். இப்போதோ சதுர அடிக் கணக்கு வந்துவிட்டது. காய்கறிக்காரர் கூடை விலை சொன்ன காலம் போய், கிலோ விலை போய், "கால் கிலோ பதினைந்து" என்று சொல்லுகிறாரே, அதே கதைதான். விலை ஏற ஏற அளவு சிறுத்துப் போகும். அளவு சிறுத்தால் காதில் விழுகிற விலையும் சின்னதாகத் தோன்றும் அல்லவா?

சரி, ஊருக்கு வெளியே எத்தனையோ இடங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் இந்தப் பாக்கியம் கிட்டவில்லையே, ஏன்? நம் தியாகராய நகரைப் பாருங்கள். 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து, பட்டணத்திலேயே அருமையாகத் திட்டம் போட்டு எழுப்பிய குடியிருப்பு அது. நடுவிலே பனகல் பூங்கா. அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாலு பக்கமும் சாலைகள். வீட்டுக்கு வீடு தென்னையும் மாவும். நீதிக் கட்சித் தலைவர் சர். பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரை ஊருக்கு வைத்தார்கள். ரங்கநாதன் தெருவில் குடும்பங்கள் குடியிருந்தன. வாசலில் கோலம் போட்டார்கள் என்று இன்று சொன்னால் உங்கள் பேத்தி நம்பவே மாட்டாள். தீபாவளிக்கு முதல் வாரம் அங்கே கோலம் போடுவது இருக்கட்டும், கால் கட்டை விரலைக்கூட ஊன்ற முடியாது!

உஸ்மான் சாலையில் மனை விலை குறைச்சலா? அடேயப்பா! ஆனால் அது கடையின் விலை. வியாபாரம் நடக்கிற இடத்தின் விலை. குடியிருக்கிற தெருவின் விலை வேறு. தெருவில் முதல் கடை வருகிறபோது எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது. பத்தாவது கடை வரும்போது வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. ஐம்பதாவது கடை வரும்போது, "இங்கே மனுஷன் குடியிருக்க முடியுமா?" என்று சொல்லிக் கடைசி வீட்டுக்காரரும் விற்றுவிட்டுப் போகிறார். போட் கிளப் பக்கத்தில் அந்த முதல் கடை வரவில்லை. மரத்தை வெட்டவில்லை. மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே இடம் விட்டார்கள். இவற்றில் எந்த ஒன்றும் எந்த ஒருவருடைய பத்திரத்திலும் இல்லை. நிழலும் நிசப்தமும் தெருவில் உள்ள எல்லோருக்கும் பொது. ஆனால் விலை பேசும்போது அந்தப் பொதுச் சொத்தையும் சேர்த்துத்தான் சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார்கள்.

விலை, விலை என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, உண்மையில் எவ்வளவு? தரகர் ஒன்று சொல்வார், விற்பவர் ஒன்று சொல்வார், பத்திரத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும்! ஆகவே எல்லோருக்கும் தெரிந்த, அரசாங்கமே கணக்குப் போட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். போயஸ் தோட்டத்து வேதா நிலையம்.

மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் வீடு என்றுதான் நமக்கு அது தெரியும். ஆனால் அதை வாங்கியவர் அவருடைய தாயார் சந்தியா. இயற்பெயர் வேதவல்லி, வேதா என்பார்கள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு முதலில் ஆபீஸ் வேலை பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்து சினிமாவில் நடித்தார். 1967-ல் சுமார் 1,32,000 ரூபாய்க்குப் போயஸ் தோட்டத்தில் பத்துக் கிரவுண்டுச் சொத்தை வாங்கினார். 1971-ல் காலமானார். தாயார் பெயரையே வீட்டுக்கு வைத்து மகள் அதில் வாழ்ந்தார்.

2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்த பிறகு, அந்த வீட்டை நினைவில்லமாக்க அரசாங்கம் தீர்மானித்தது. நிலத்தை அளந்தார்கள். கட்டடத்தை மதிப்பிட்டார்கள். கொல்லையில் நின்ற மா, பலா, தென்னை, வாழைகளைக்கூட விடாமல் எண்ணிக் கணக்கில் எழுதினார்கள்! 2020 ஜூலையில் இழப்பீடாகச் சென்னை சிட்டி சிவில் நீதிமன்றத்தில் கட்டிய தொகை 67 கோடியே 90 லட்சம் ரூபாய்.

ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பால் கணக்குப் போடுகிற காலண்டரின் பின்பக்கம் போதும். ஒரு லட்சத்துச் சொச்சம், 67 கோடிச் சொச்சம் ஆகியிருக்கிறது. ஐயாயிரம் மடங்குக்கு மேல்! "போகட்டும், விலைவாசிதான் எல்லாவற்றுக்கும் ஏறியிருக்கிறதே" என்பீர்கள். நம் பெண்களுக்குத் தெரிந்த தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம். 1967-ல் ஒரு பவுன் நூறு ரூபாய்க்கும் கீழே இருந்தது. எண்பது ரூபாய்ச் சொச்சம். 2020 ஜூலைக் கடைசியில் சென்னையில் பவுன் நாற்பதாயிரம் ரூபாயைத் தொட்டது. அதாவது தங்கம் ஏறியது ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. மனை ஏறியது ஐயாயிரம் மடங்கு.

இந்த இரண்டு எண்களையும் எழுதிப் பார்த்துவிட்டு நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். சகோதரிகளே, உங்களுக்கும் அதே எண்ணம் உதித்திருக்கும். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் என்ன ஏற்பாடு? பெண்ணுக்கு நகை, பிள்ளைக்கு வீடு. "உனக்குத்தான் கல்யாணத்தில் இத்தனை பவுன் போட்டாயிற்றே" என்று சொல்லி வீட்டுப் பங்கைப் பற்றிப் பேச்செடுக்கவே விடுவதில்லை. ஐந்நூறு மடங்கு ஏறியதை நம் கழுத்தில் மாட்டிவிட்டு, ஐயாயிரம் மடங்கு ஏறியதை அவர்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள்! யாரும் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. நகைக்கு மெருகு தேய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நாம், மண்ணுக்கு விலை ஏறுகிறதா என்று பார்க்கவில்லை. புருஷனை இழந்து இரண்டு குழந்தைகளோடு நின்ற வேதவல்லி அம்மாள் அதைப் பார்த்திருக்கிறார். தாம் உழைத்துச் சம்பாதித்ததை மண்ணில் போட்டிருக்கிறார். அரசியலில் உங்களுக்கு எந்தக் கட்சி பிடித்தாலும் சரி, அந்த அம்மாளின் சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ் போடாமல் இருக்க முடியாது.

விலை உயர்ந்த தெரு என்றால் அங்கே இருப்பவர்களெல்லாம் பணத்தில் புரளுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாமி இருக்கிறார். போட் கிளப் அல்ல. ஆற்றுக்கு இந்தப் பக்கம், அடையாற்றில் ஒரு பழைய காலனி. அவர் கணவர் உத்தியோகத்தில் இருந்தபோது கடன் வாங்கிக் கட்டிய வீடு. ஒரே கிரவுண்டு. அந்தக் காலத்தில், "இவ்வளவு தூரத்தில் போய் யார் குடியிருப்பார்கள், நரி ஊளையிடுமே" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம். இன்று கோடிக்கணக்கில் கேட்கிறார்கள். மாமியோ குடும்பப் பென்ஷனில் காலந்தள்ளுகிறார். காஸ் சிலிண்டர் இந்த மாதக் கடைசி வரை வருமா என்று கணக்குப் பார்க்கிறார். மொட்டை மாடி ஒழுகுகிறது; ஒழுக்கை அடைக்கப் பணமில்லை. கோடீசுவரியின் கூடத்தில் நாலு பாத்திரம் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்!

மாமா உயில் எழுதவில்லை. "நான் என்ன இப்போதே போகப் போகிறேனா?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். இரண்டு பிள்ளை, ஒரு பெண். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் தாமே சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் மக்களுக்கும் சமபங்கு. மாமாவின் தாயார் இல்லை. ஆகவே நாலு பங்கு. ஐம்பது வருஷம் கூட்டி, மெழுகி, கல்யாணம் காட்சி நடத்தி, நாலு பிரசவம் பார்த்த வீட்டில் மாமிக்கு நாலில் ஒன்று.

கட்டட முதலாளி ஒருவர் வந்தார். வீட்டை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டி, பாதிக்குப் பாதி ஃப்ளாட்டுகளை வீட்டுக்காரர்களுக்குத் தருவதாகப் பேச்சு. பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. "அம்மா, நீ தனியாக இந்த ஒழுகல் வீட்டில் எதற்கு? மாறி மாறி எங்களிடம் வந்து இரு" என்றார்கள். பத்திரத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சிறு குறியும் போட்டுக் கொடுத்தார்கள்.

மாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏண்டாப்பா, எனக்கு நாலில் ஒரு பங்கு என்றாயே, அது இதிலே எங்கே இருக்கிறது?"

"எல்லாம் சேர்த்துத்தானம்மா இருக்கிறது. உனக்கு எதற்குத் தனியாக? எங்களுடையதெல்லாம் உன்னுடையதுதானே?"

"அப்படியானால் என்னுடையதையும் உங்களுடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பெயரில் எழுதிவிட்டு நினைத்துக்கொள்ளுங்கள்!"

ஒரு வாரம் வீட்டில் பேச்சு வார்த்தை சற்று இறுக்கமாகத்தான் இருந்தது. மாமி அசையவில்லை. பெண் வக்கீல் ஒருவரிடம் அந்தப் பத்திரத்தைக் காட்டி, தரைத் தளத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டைத் தம் பெயரில் எழுதச் செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இப்போது அதில் குடியிருக்கிறார். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வந்து போகிறார்கள். வருகிறவர்களுக்கு மாமி காபி போட்டுக் கொடுக்கிறார். "மாறி மாறிப் போய் இருப்பதை விட, மாறி மாறி அவர்கள் வருவது நன்றாக இருக்கிறது" என்று என்னிடம் சொன்னார்.

எத்தனை மாமிகள் அந்தப் பென்சில் குறியின் மேலே கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? விலை குறைந்த தெருவில் இந்தத் தொல்லை இத்தனை இல்லை. மண்ணுக்கு மதிப்பு ஏறும்போதுதான் வீடு பங்காக மாறுகிறது. பங்காக மாறிய பிறகு, யார் அதில் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

சட்டம் நம் பக்கம் வெகு தூரம் நகர்ந்து வந்திருக்கிறது. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளைப் போலவே பிறப்புரிமை உண்டென்று நம் தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-ல் மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்தியபோது அந்தத் தடையும் நீங்கியது. தகப்பனார் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்து, வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய பாகப் பிரிவினைகள், உயில்கள் என்று வீட்டுக்கு வீடு கதை மாறும். ஆகவே ஒரு வக்கீலுக்குக் கட்டணம் கொடுப்பதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். ஒரு பட்டுப் புடவையின் விலை கூட ஆகாது.

புதிதாகச் சொத்து வாங்கும்போதே பெண் பெயரில் வாங்கினால் என்ன? நம் ராஜ்யத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்பது ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைத்திருக்கிறார்கள். சந்தோஷம்! வேதா நிலையத்துக் கணக்கில் சதுர அடி 28,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பத்து லட்சத்துக்குப் போயஸ் தோட்டத்தில் என்ன கிடைக்கும் என்று போட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்து சதுர அடி. ஏழடிக்கு ஐந்தடி. ஒரு பாய் விரித்துப் படுக்கலாம். புரண்டு படுத்தால் அடுத்தவர் மனை! ஆனால் புறநகரில், செங்கற்பட்டுப் பக்கமோ திருவள்ளூர்ப் பக்கமோ, சிறு மனை வாங்குகிற எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தச் சலுகை உபயோகப்படும். போட் கிளப்பும் ஒரு காலத்தில் புறநகர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வயதான அம்மாமார்களுக்கு இன்னொரு வார்த்தை. பாசத்தினால் உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. கொடுக்கலாம். ஆனால், 'கடைசி வரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டு, எழுதிக் கொடுத்ததை ரத்துச் செய்ய வழி இருக்கிறது. பாசம் மனசிலே இருக்கட்டும். நிபந்தனை காகிதத்திலே இருக்கட்டும்.

உயிலும் அப்படித்தான். வேதா நிலையத்தின் கதையையே பாருங்கள். ராஜ்யத்தையே ஆண்டவருடைய வீடு. ஆனால் அதற்கு உயில் இல்லை. 2020-ல் அண்ணன் மகளும் மகனும் வாரிசுகள் என்று ஹைகோர்ட்டு சொன்னது. 2021 ஜனவரியில் நினைவில்லத் திறப்பு விழா நடந்தது. அதே வருஷம் நவம்பரில் வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது செல்லாது என்று ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. டிசம்பரில் சாவி வாரிசுகள் கைக்கு வந்தது. ஐந்து வருஷம்! வக்கீல்களும் அதிகாரிகளும் உள்ள பெரிய இடத்திலேயே இப்படியென்றால், நாலு வீடு தள்ளி வக்கீல் யார் என்றே தெரியாத நம் வீடுகளின் கதி என்ன?

இன்னும் ஒன்று. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து, அடையாறு கரை புரண்டபோது, வெள்ளம் சைதாப்பேட்டைக் குடிசையையும் பார்க்கவில்லை, கோட்டூர்புரத்து மாடியையும் பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் இருந்ததால்தான் விலை உயர்ந்த இடங்கள், ஆற்றங்கரையில் இருந்ததாலேயே தவித்தன. அப்போது எத்தனையோ பேருக்குப் பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரங்கள் கூழாகிப் போயின. தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசாங்கம் சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று. பட்டுப் புடவையை மேல் தட்டிலும் பத்திரத்தை அடித்தட்டிலும் வைப்பது நம் வழக்கம். தயவு செய்து இடத்தை மாற்றி வையுங்கள்!

இப்போதெல்லாம் உங்கள் தெருவில் கிரவுண்டு என்ன விலை என்று அறியத் தரகரைத் தேட வேண்டாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் தெருவாரியாக அரசாங்க வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. வில்லங்கச் சான்றையும் அதிலேயே காசில்லாமல் பார்க்கலாம். சமையல் குறிப்புப் பார்க்கிற அதே கைபேசியில் பத்து நிமிஷ வேலை. தெரியாவிட்டால் பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

இன்று மத்தியானம் சாப்பாடு ஆனதும், தொடர்கதையைப் புரட்டுவதற்கு முன்பு, பீரோவைத் திறந்து அந்தப் பழுப்பேறிய உறையை எடுத்துப் பாருங்கள். பத்திரத்தில் சொத்தின் நாலு எல்லையும் எழுதியிருக்கும்: கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை, வடக்கே தெரு, தெற்கே சந்து. எல்லாவற்றையும் படித்துவிட்டு, உங்கள் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உறையைப் பத்திரமாக மேல் தட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் மேஜை மேலேயே இருக்கட்டும். சாயங்காலம் அவர் வந்ததும் நல்ல காபியாக ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்து, பேச்சை மெதுவாக ஆரம்பியுங்கள்.